சிறு விமானத்திலிருந்து எடுத்த படம் கெட்டால்: குறையைப் படித்து லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

ஒற்றை எஞ்சின் விமானத்தின் திறந்த சன்னல் வழியாகத் தரையைப் படமெடுத்துத் திரும்பும் ஒருவர், இரவில் அப்படங்களைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து, அவற்றில் பாதி மங்கலாக இருப்பதைக் கண்டால், இன்னும் விலை கூடிய லென்ஸை வாங்கியிருக்க வேண்டும் என்றே முதலில் நினைப்பார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு குறையும் படத்திலேயே தன் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, நான் லென்ஸின்மீது சுமத்திய பழிகளில் பெரும்பகுதி தொலைவுக்கும் காற்றுக்கும் என் கைகளுக்கும் உரியவை என்று தெரிந்தது. லென்ஸ் தேர்வு முக்கியம்தான். எந்தக் குறைக்கு எது மருந்து என்று அறியாமல் செய்யும் தேர்வோ பணத்தை மட்டுமல்லாமல், அதைவிட அரிதான பறக்கும் நேரத்தையும் வீணாக்கிவிடும்.

இந்த வழிமுறைக்கு நான் எடுத்துக்கொள்ளும் களம் தெற்கு ஆஸ்திரேலியாவின் கட்டி தண்டா–அயர் ஏரி. கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே இறங்கும் இந்தப் படுகை, அந்த நாட்டின் இயற்கை நிலத்திலேயே மிகத் தாழ்வானது. பெரும்பாலான ஆண்டுகளில் அது வெறும் வெள்ளை உப்பு. குயின்ஸ்லாந்தில் கொட்டும் பெருமழை வார்பர்ட்டன் ஆற்றின் வழியாகவும் கூப்பர் கிரீக் வழியாகவும் வந்து சேரும் ஆண்டுகளில், நீரும் உப்பும் பாசியும் கலந்து இளஞ்சிவப்பும் பழுப்பும் பாலின் வெண்மையுமாகக் கோலங்கள் தோன்றுகின்றன. ஊட்னடாட்டா தடத்தில் உள்ள வில்லியம் கிரீக் என்ற சிற்றூரின் ஓடுபாதையிலிருந்து அதன்மேல் பறக்கலாம். விமானம் செஸ்னா 172 என்று வைத்துக்கொள்வோம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழ்நோக்கிய பார்வை மறைவதில்லை, சன்னலும் திறக்கும்.

கணக்குக்கு வசதியாகச் சில எண்களை நிலையாக வைத்துக்கொள்கிறேன். தரையிலிருந்து 1,500 அடி உயரம், அதாவது 457 மீட்டர். சற்றுச் சாய்வாகக் கீழே பார்ப்பதால் படமாகும் நிலத்துக்கும் லென்ஸுக்கும் இடையே சுமார் 500 மீட்டர். விமானி இறக்கையின் பின்னோர மடக்கான ஃபிளாப்பைச் சிறிது இறக்கி வேகத்தைக் குறைத்து 75 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 75 கடல் மைலில், பறக்கிறார்; அது நொடிக்கு 38.6 மீட்டர். கேமரா 36 மி.மீ. அகலச் சென்சாரும் 2 கோடியே 40 லட்சம் பிக்சலும் கொண்டது; அதில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

எந்தக் குறையானாலும் முதல் வேலை ஒன்றே

படத்தைப் பெரிதாக்கி, அதில் ஓர் ஒளிப்புள்ளியைத் தேடுங்கள். நீரலையில் தெறிக்கும் சூரியன், ஈர உப்பின் மினுக்கம், தொலைவில் நிற்கும் வண்டியின் கண்ணாடி என ஏதேனும் ஒன்று பெரும்பாலும் இருக்கும். உப்பு ஏரியில் இதற்குப் பஞ்சமே இல்லை. புள்ளியாகப் பதிய வேண்டிய ஒன்று எந்த வடிவத்தில் பதிந்திருக்கிறது என்பதே குறையின் கையெழுத்து. அது நேரான சிறு கோடாக இழுபட்டிருந்தால் விமானத்தின் ஓட்டமோ கேமராவின் சீரான அசைவோ காரணம். கொக்கி போலவோ சுருண்டோ இரட்டையாகவோ இருந்தால் அதிர்வு. எல்லாப் பக்கமும் சமமாக விரிந்த வட்டமானால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. படத்தின் நடுவில் புள்ளியாகவும் மூலைகளில் வால் முளைத்தும் இருந்தால் அப்போதுதான் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும். புள்ளி கூர்மையாக இருந்தும் படம் உயிரற்று வெளிறியிருந்தால் இடையிலுள்ள காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் முயல வேண்டாம்.

ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருக்கின்றன

75 நாட்டில் பறக்கும்போது 500 மீட்டர் தொலைவில் உள்ள நிலம், 50 மி.மீ. லென்ஸின் பின்னே சென்சாரின்மேல் நொடிக்குச் சுமார் 3.9 மி.மீ. நகர்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடி ஷட்டருக்கு அது 3.9 மைக்ரான், ஒரு பிக்சலைவிடக் குறைவு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. இருநூற்றைம்பதில் ஒரு நொடிக்கு அதுவே 15 மைக்ரானைத் தாண்டி, இரண்டரை பிக்சல் கோடாகிவிடுகிறது. அதே இடத்திலிருந்து 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால், ஆயிரத்தில் ஒரு நொடியிலேயே அதே 15 மைக்ரான் கோடு விழும். குவியத் தொலைவு, அதாவது லென்ஸின் மி.மீ. எண், நான்கு மடங்கானால் இழுவையும் நான்கு மடங்காகும். தரையில் நின்று படமெடுப்பவருக்குப் பழகிய ஷட்டர் விதிகள் இங்கே போதாததற்கு இதுதான் காரணம்.

ஆகவே கோடு தெரிந்தால் முதலில் ஷட்டரை விரைவாக்குங்கள். 50 மி.மீ. வரை ஆயிரத்தில் ஒரு நொடியும், 85 மி.மீ.க்கு இரண்டாயிரத்தில் ஒரு நொடியும், 200 மி.மீ.க்கு நாலாயிரத்தில் ஒரு நொடியும் நான் கடைப்பிடிக்கும் கீழ் எல்லைகள். நல்ல வெயிலில் இவை கடினமானவை அல்ல. ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளி உணர்திறனை 200 என்றும், லென்ஸின் துளையை எஃப்/5.6 என்றும் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தால் உச்சி வெயிலில் ஆயிரத்து அறுநூறில் ஒரு நொடி இயல்பாகவே கிடைக்கும். காலை வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ.வை 800 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். அதனால் படத்தில் வரும் பொடிப்புள்ளி இரைச்சலைப் பின்னர் ஓரளவு குறைக்க முடியும். இழுபட்ட கோட்டை மீட்கவே முடியாது.

இரண்டாவது தீர்வு, கேமராவை நிலத்தோடு சேர்த்துத் திருப்புவது. படத்தின் நடுவில் இருக்கும் பொருளை விழியால் பற்றிக்கொண்டு, அது நடுவிலேயே நிற்கும்படி மெதுவாகப் பின்னோக்கித் திரும்பியபடியே பொத்தானை அழுத்தினால் இழுவையில் பெரும்பகுதி மறைந்துவிடும். பழக ஓரிரு பறத்தல்கள் ஆகும். அகன்ற காட்சிப்பரப்புள்ள லென்ஸில் இது எளிது. நீண்ட லென்ஸில் காட்சி விரைந்தோடுவதால் கடினம். நீண்ட லென்ஸை ஒதுக்க எனக்குக் கிடைத்த முதல் காரணம் இது.

புள்ளிகள் கொக்கியாக வளைந்தும் இரட்டையாகவும் இருக்கின்றன

இது அதிர்வு. செஸ்னா 172இன் நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சிலிண்டர்கள் எரிகின்றன. ஆகவே நொடிக்கு 80 துடிப்புகள் விமானத்தின் உடல் முழுவதும் பரவுகின்றன. இரண்டு அலகு சுழல்விசிறியின் துடிப்பும் அதே எண்தான். கேமராவையோ லென்ஸையோ முழங்கையையோ சன்னல் சட்டத்தின்மேல் ஊன்றினால் அந்தத் துடிப்பு நேராகச் சென்சாரை அடையும். தரையில் சுவரில் சாய்ந்து கேமராவை நிலைப்படுத்திப் பழகியவர்கள் விமானத்தில் செய்யும் முதல் தவறு இதுவே. உடலின் மேற்பகுதி எதையும் தொடாமல், முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கேமராவை முகத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். நம் சதையே இங்கே நல்ல அதிர்வு தாங்கி.

லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பைப் போடுவதா நிறுத்துவதா என்பதற்கு எல்லா லென்ஸுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஓடும் வாகனத்திலிருந்து எடுப்பதற்கென்றே சில நிக்கான் லென்ஸ்களில் ‘ஆக்டிவ்’ என்ற நிலை உண்டு; அதை முயன்று பார்க்கத் தக்கது. பொதுவாக, அந்தத் தடுப்பு நிலைகொள்ள அரை நொடி அளவுக்கு அவகாசம் வேண்டும் என்பதால், பொத்தானைப் பாதி அழுத்திச் சற்றுப் பொறுத்துப் பிறகு முழுவதும் அழுத்த வேண்டும். திடீரென்று தூக்கிச் சட்டென்று எடுத்த படங்கள் மட்டும் மங்கி, தொடர்ந்து எடுத்தவற்றில் மூன்றாவது நான்காவது கூர்மையாக இருந்தால் காரணம் இந்த அவசரமே. ஆயிரத்தில் ஒரு நொடியைத் தாண்டிய பிறகும் சில படங்கள் கூர்மையாகவும் சில மங்கியும் காரணமின்றி மாறிமாறி வந்தால், தடுப்பை நிறுத்திவிட்டு இருபது படம் எடுத்து ஒப்பிடுங்கள். விடியல் வெளிச்சத்தில் மெதுவான ஷட்டர் தவிர்க்க முடியாதது என்றால், கென்யன் நிறுவனத்தின் சுழல் நிலைப்படுத்தியை வாடகைக்கு எடுக்கலாம். அது முழு வேகம் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் விமானம் ஏறும்போதே இயக்கிவிட வேண்டும்.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு குறை உண்டு. நேரான கரையோ வேலியோ சாலையோ அலையலையாக நெளிந்து, ஆனால் விளிம்புகள் கூர்மையாக இருந்தால், அது லென்ஸுக்குத் தொடர்பே இல்லாதது. மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் அதிர்வு கேமராவை அசைத்துவிடுகிறது. இயந்திர ஷட்டருக்கு மாற்றினால் நெளிவு நின்றுவிடும். இந்த நெளிவைக் கண்டு நல்ல லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்பியவரை நான் அறிவேன்.

எல்லாப் புள்ளிகளும் வட்டமாக விரிந்திருக்கின்றன

ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஏரியின் வெறும் வெண்பரப்பில் பற்றிக்கொள்ள மாறுபாடு எதுவும் இல்லாததால் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து எங்கோ நின்றுவிடும். அதனால் கரையோரப் புதர்களையோ கூர்மையான ஓடைக் கரையையோ பார்த்து ஃபோகஸ் செய்து, உடனே கைமுறைக்கு மாற்றிவிடுவது பொதுவான அறிவுரை. தொடுவானத்தில் வைத்தாலே போதும் என்பார்கள். 50 மி.மீ.க்கு அது சரி, 200 மி.மீ.க்குச் சரியல்ல. துளை எஃப்/4இல், முடிவிலியில் நிறுத்திய 50 மி.மீ. லென்ஸ் 500 மீட்டர் தொலைவிலுள்ள புள்ளியை ஒன்றேகால் மைக்ரான் வட்டமாக்கும். அதை யாராலும் காண முடியாது. அதே துளையில் 200 மி.மீ. லென்ஸ் அதே புள்ளியை 20 மைக்ரான் வட்டமாக்கும், மூன்று பிக்சலுக்கும் மேல். ஆகவே நீண்ட லென்ஸை வைத்திருப்பவர் தான் எடுக்கப்போகும் நிலத்தையே பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். உயரம் மாறினால் திரும்பவும் செய்ய வேண்டும்.

தானியங்கி லென்ஸ்கள் பலவற்றில் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் சுழலும். அந்தக் குறியில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும் என்று நம்பி ஒரு காலைப்பொழுதை முழுவதும் நான் இழந்திருக்கிறேன். கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்த பிறகு, வளையத்தைத் துணி ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் லென்ஸின் வளையம் உள்ளே இருக்கும் கண்ணாடியை நேராகத் திருப்புகிறதா, அல்லது மின்விசைக்குக் கட்டளை மட்டும் தருகிறதா? பின்னது என்றால் ஒட்டுநாடா பயனற்றது. கேமரா உறங்கி எழும்போது ஃபோகஸ் வேறிடத்துக்குப் போய்விடலாம். அத்தகைய லென்ஸுக்குக் கேமராவின் உறக்க நேரத்தை நீட்டி, ஃபோகஸ் நிலையை நினைவில் வைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிட வேண்டும். வான்படத்துக்கென்றே ஒரு லென்ஸ் வாங்குபவர் நேரடி வளையமுள்ள பழைய கைமுறை லென்ஸைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கோடாக் நிறுவனம் வான்படக் கேமராக்களுக்காகச் செய்த 178 மி.மீ. ஏரோ-எக்டார் லென்ஸில் ஃபோகஸ் செய்யும் வளையமே கிடையாது. கேமராவில் அது முடிவிலிக்கே பொருத்தப்பட்டது. தேவையில்லாத அசைவை நீக்கிவிடுவது இந்தத் துறையின் பழைய வழக்கம்.

ஒரு பக்கமோ மூலைகளோ மட்டும் மங்கியிருக்கின்றன

நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கியிருந்தால் துளையை எஃப்/5.6க்குக் குறைத்துப் பாருங்கள். வான்படத்தில் தரை முழுவதும் ஏறத்தாழ ஒரே தளமாக இருப்பதால், தரையில் எடுத்த மனித முகங்களில் ஒருபோதும் தெரியாத மூலைக் குறை இங்கே வெளிப்பட்டுவிடும். எஃப்/1.4 லென்ஸுக்கு வான்படத்தில் கூடுதல் மதிப்பு இல்லை என்பதும் இதனால்தான். எஃப்/1.8 அல்லது எஃப்/2.8 லென்ஸ், எஃப்/5.6இல் அதே வேலையைக் குறைந்த எடையில் செய்யும். எஃப்/11, எஃப்/16 என்று மேலும் இறுக்க வேண்டாம். ஆழக் கூர்மை இங்கே தேவையில்லை, ஷட்டர் வேகம்தான் தேவை.

ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸின் கண்ணாடிகள் அச்சு விலகியிருக்கக்கூடும். இதைத் தரையிலேயே உறுதிசெய்யலாம். இருபுறமும் மரங்கள் நிற்கும் ஒரு தொலைவான காட்சியை முக்காலியில் வைத்து எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே காட்சியை எடுங்கள். முதல் படத்தில் இடப்பக்க மரமும் இரண்டாவதில் வலப்பக்க மரமும் மங்கினால் குற்றம் லென்ஸுடையது. அதை மாற்றியோ பழுதுபார்த்தோதான் ஆக வேண்டும். இரண்டிலும் ஒரே மரம் மங்கினால் லென்ஸ் நிரபராதி. தரையில் நன்றாக இருந்து வானில் மட்டும் ஒரு பக்கம் மங்கினால், பெரும்பாலும் எஞ்சின் புகைக்குழாயிலிருந்து பின்னோக்கி வரும் வெப்பக் காற்றின் ஊடாகப் பார்த்திருப்பீர்கள். அல்லது சன்னலின் ஓரம் படத்துக்குள் நிழலாக நுழைந்திருக்கும்.

கூர்மை இருக்கிறது, ஆனால் படம் வெளிறிப்போயிருக்கிறது

இந்த ஒரு குறைக்காக நான் இழந்த பணம் மற்ற எல்லாவற்றுக்குமாக இழந்ததைவிட அதிகம் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தொலைவில் ஒரு நல்ல கோலம் தெரிகிறது. விமானியிடம் சொல்லி நெருங்குவதற்குப் பதிலாக 200 மி.மீ. லென்ஸைப் பொருத்தி அதை அருகே இழுக்கிறோம். படச்சட்டத்தில் விழும் நிலத்தின் அகலம், 500 மீட்டரிலிருந்து 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் 360 மீட்டர்; 2 கி.மீ. தொலைவிலிருந்து 200 மி.மீ. லென்ஸில் எடுத்தாலும் அதே 360 மீட்டர்தான். ஆனால் இரண்டும் ஒரே படம் அல்ல. பார்வைத் தூரம் 20 கி.மீ. இருக்கும் ஓர் இயல்பான நாளில், தரையிலுள்ள கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலான மாறுபாட்டில் 500 மீட்டர் காற்றைக் கடந்து வருவது ஏறத்தாழ 91 விழுக்காடு. 2 கி.மீ. காற்றைக் கடந்து வருவது 68 விழுக்காடு. 4 கி.மீ. ஆனால் பாதிக்கும் குறைவு. இந்த இழப்பை எந்த லென்ஸின் கண்ணாடியும் திருப்பித் தராது. புற ஊதா வடிகட்டியும் தராது. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னே உள்ள கண்ணாடியே புற ஊதாவைத் தடுத்துவிடுகிறது.

வெளிறல் மட்டுமல்ல, வடிவமும் கெடுகிறது. 1,500 அடியிலிருந்து 500 மீட்டர் தொலைவில் உள்ள நிலத்தைப் பார்க்கும்போது பார்வை தொடுவானத்துக்குக் கீழே சுமார் 66 பாகை இறங்குகிறது. அதே உயரத்திலிருந்து 2 கி.மீ. தொலைவைப் பார்க்கும்போது இறங்குவது 13 பாகைதான். முன்னதில் ஒரு வட்டமான குட்டை ஏறத்தாழ வட்டமாகவே தெரியும். பின்னதில் அதன் உயரம் அகலத்தில் கால்பங்குக்கும் கீழே போய், நசுங்கிய தட்டுப்போல ஆகிவிடும். உப்புக் கோலங்களின் அழகெல்லாம் மேலிருந்து பார்ப்பதில் இருக்க, நீண்ட லென்ஸ் நம்மைப் பக்கவாட்டில் நிறுத்திவிடுகிறது.

எனவே வெளிறிய படத்துக்குத் தீர்வு, குறுகிய குவியத் தொலைவும் நெருங்கிய பறத்தலும். நெருங்குவதற்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலிய விதிகளின்படி மக்கள் வாழும் பகுதிகளின்மேல் 1,000 அடிக்கும், மற்ற இடங்களில் 500 அடிக்கும் கீழே பொதுவாகப் பறக்கக் கூடாது. ஏரியின்மேல் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெள்ளை உப்பும் வெளிறிய வானமும் ஒன்றாகி, தொடுவானமே மறைந்துவிடும் நேரங்களில் தாழப் பறப்பது விமானிக்கு மிகக் கடினம். உயரத்தை முடிவுசெய்வது விமானி. அந்த உயரத்துக்கு ஏற்ற லென்ஸை வைத்திருப்பது நம் வேலை. இன்னும் தாழப் பறக்கும்படி அவரை ஒருபோதும் வற்புறுத்தக் கூடாது.

நேரமும் லென்ஸுக்கு நிகரான மருந்து. சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்தில் தூசி இன்னும் எழும்பியிருக்காது, தரை சூடாகிக் காற்றைக் குலுக்கத் தொடங்கியிருக்காது. படுகையின் சிறு மேடுபள்ளங்களும் நிழல் பெற்று எழுந்து நிற்கும்.

இறக்கைத் தாங்கியோ சக்கரமோ படத்துக்குள் வருகிறது

24 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் 74 பாகையை அள்ளுகிறது, 35 மி.மீ. 54 பாகை, 50 மி.மீ. 40 பாகை, 85 மி.மீ. 24 பாகை. செஸ்னா 172இல் இறக்கையைத் தாங்கும் சாய்ந்த கம்பிக்கும் வாலுக்கும் இடையே, சக்கரத்துக்கு மேலே கிடைக்கும் வெற்றிடத்தில் 35 மி.மீ. கவனத்தோடு பொருந்தும், 24 மி.மீ. பொருந்துவது அரிது. ஒருமுறை அகன்ற லென்ஸில் ஆசையாக எடுத்த ஏறத்தாழ இருநூறு படங்களின் கீழ்மூலையில் கறுப்பு டயர் இருந்ததைத் தரையிறங்கிய பிறகுதான் கண்டேன். கண் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர மூலையைப் பார்க்கவில்லை. அகன்ற காட்சிதான் வேண்டும் என்றால், விமானியிடம் உங்கள் பக்கமாக இறக்கையைச் சாய்த்து வளையச் சொல்லுங்கள்; அல்லது தாங்கிக் கம்பியே இல்லாத செஸ்னா 177 போன்ற விமானத்தைத் தேடுங்கள். அடுத்தடுத்து 50 மி.மீ.யில் சில படங்களை எடுத்துப் பின்னர் ஒட்டிக்கொள்வதும் நல்ல வழி.

பைப்பர் செரோக்கி போன்ற இறக்கை தாழ்ந்த விமானங்களில் இந்தக் குறைக்குத் தீர்வு இல்லை. இறக்கையே தரையை மறைக்கும்.

வானவில் பட்டைகள், இரட்டை விளிம்பு, பிரதிபலிப்பு

மூடிய சன்னலின் பிளாஸ்டிக் வழியாக எடுத்திருக்கிறீர்கள். பளபளப்பை வெட்டும் வடிகட்டியான போலரைசர் போட்டிருந்தால் பிளாஸ்டிக்கின் உள் இறுக்கம் வானவில் நிறங்களாகத் தெரியும், அதைக் கழற்றிவிடுங்கள். மற்றபடி சன்னலைத் திறப்பதே சரியான தீர்வு. 172எஸ் மாதிரியின் கையேடு 163 நாட் வரை சன்னலைத் திறந்து வைக்க அனுமதிக்கிறது. 75 நாட்டில் தயக்கம் வேண்டியதில்லை. சன்னல் சிறிதளவே திறக்கும்படி ஒரு சிறு கை தடுத்திருக்கும். அதைக் கழற்றினால் காற்றே சன்னலை இறக்கையோடு ஒட்டித் தூக்கிப்பிடிக்கும். ஆனால் கழற்றுவதை விமானியும் பராமரிப்புப் பொறியாளருமே முடிவுசெய்ய வேண்டும். எந்தப் பக்கத்துச் சன்னல் திறக்கும் என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். சில விமானங்களில் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். திறக்க வழியே இல்லையென்றால், கறுப்புச் சட்டை அணிந்து, லென்ஸின் முனையில் மாட்டும் மெல்லிய ரப்பர் மறைப்பான ஹூடைச் சன்னலுக்கு அருகே தொடாமல் பிடித்து, சன்னலுக்கு நேர்செங்குத்தாக மட்டும் எடுக்கலாம்.

நீரின் மேற்பரப்பு மட்டும் வெள்ளையாகப் பளபளத்து அடியிலுள்ள நிறத்தை மறைத்தால், திறந்த சன்னலில் போலரைசர் உண்மையிலேயே உதவும். தொடுவானத்துக்குக் கீழே சுமார் 37 பாகையில் பார்க்கும்போது அது மிக நன்றாக வேலை செய்யும். விமானம் வளையும்போது ஒவ்வொரு முறையும் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதையும், ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தை அது விழுங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

காற்று லென்ஸைப் பிடுங்குகிறது, ஸூம் தானாக நகர்கிறது

75 நாட் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 93 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தருகிறது. ஹூடோடு கூடிய பெரிய 70–200 ஸூமின் பக்கவாட்டுப் பரப்புக்கு அது சுமார் 2 கிலோ இழுப்பாகும். சிறிய 50 மி.மீ. லென்ஸுக்கு அரை கிலோகூட வராது. இந்த இழுப்பு சீரானதல்ல, அடித்து அடித்து வருவது. பெரிய லென்ஸோடு போராடும் கையின் நடுக்கமே மேலே சொன்ன கொக்கிகளாகப் படத்தில் பதியும். ஹூடைக் கழற்றுங்கள், லென்ஸின் நுனியைச் சன்னல் தளத்துக்கு உள்ளேயே வையுங்கள். நீண்டு சுருங்கும் ஸூம் லென்ஸானால், வேண்டிய குவியத் தொலைவில் ஒட்டுநாடா போட்டு நிறுத்திவிடுங்கள். மூடி, வடிகட்டி, கழலக்கூடிய எதுவும் திறந்த சன்னல் அருகே இருக்கக் கூடாது. அது வால்பகுதியில் மோதலாம், கீழே யார்மீதும் விழலாம். கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டி, இரண்டாவது வாரை உடலோடு இணைத்த பிறகே சன்னலைத் திறக்க வேண்டும்.

அதே காரணத்தால் வானில் லென்ஸை மாற்றுவதில்லை. சென்சாரில் படியும் உப்புத் தூசி அடுத்த எல்லாப் படங்களிலும் தெரியும்.

என் பையில் இப்போது இருப்பவை

இரண்டு கேமரா உடல்கள். ஒன்றில் 50 மி.மீ. பிரைம் (குவியத் தொலைவு மாறாத லென்ஸ்), மற்றொன்றில் 85 மி.மீ. பிரைம், இரண்டும் எஃப்/1.8, இரண்டும் எஃப்/5.6இல் நிற்பவை. 500 மீட்டரிலிருந்து முன்னது 360 மீட்டர் நிலத்தையும் பின்னது சுமார் 210 மீட்டரையும் தருகின்றன. அவற்றுக்கு இடைப்பட்டது வேண்டுமானால் விமானம் சற்று ஏறினாலோ இறங்கினாலோ போதும். ஒரே உடல்தான் இருக்கிறது என்பவர்களுக்கு 24–70 ஸூமைப் பரிந்துரைப்பேன், 35க்குக் கீழே போகாதபடி ஒட்டுநாடா போட்டு. 70–200ஐத் தெளிந்த குளிர்காலக் காலைகளில், கூழைக்கடாக் கூட்டங்களை விலகி நின்று எடுக்க மட்டும் கொண்டுபோகிறேன். பறவைகளை நெருங்குவது அவற்றுக்கும் விமானத்துக்கும் ஆபத்து.

முதல் பறத்தல் முடிந்து எரிபொருள் நிரப்பும் வேளையில், ஒவ்வொரு உடலிலிருந்தும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் எடுத்து, நிழலில் அமர்ந்து, ஓர் ஒளிப்புள்ளியை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் படத்தில் புள்ளியாக இருந்தது கடைசிப் படத்தில் வட்டமாகியிருந்தால், ஒட்டுநாடாவை உரித்து ஃபோகஸை மீண்டும் வைத்த பிறகே இரண்டாம் முறை ஏற வேண்டும்.